மாயாவிக்கு என்ன விலை?

ஆவுடையார்கோவில், அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கங்களில் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுத் தளம் போட்ட வீடுகளாக மாறி வருகின்றன. சிங்கப்பூரிலோ சென்னையிலோ நிலைத்துவிட்ட பிள்ளைகள் சில நாள் விடுப்பில் வந்து பரணைக் காலி செய்கையில், பித்தளை அண்டாவும் மரப்பெட்டியும் உறவினர் வீட்டுக்கும் பாத்திரக் கடைக்கும் போய்ச் சேர்ந்த பின்னர், சணல் கயிற்றால் கட்டிய காகிதக் கட்டுகள் சில எஞ்சி நிற்கின்றன. பிரித்துப் பார்த்தால், பழைய காமிக்ஸ் நாயகர்களான இரும்புக்கை மாயாவியும் வேதாளரும் மாண்ட்ரேக்கும் லாரன்ஸும் டேவிட்டும் முப்பது நாற்பது ஆண்டுத் தூசியோடு வெளிப்படுகிறார்கள். அப்பொழுது அவ்வீட்டில் இரண்டு அபிப்பிராயங்கள் எழுவது வழக்கம். எடைக்குப் போட்டுவிடலாம் என்பது ஒன்று. இதெல்லாம் லட்சக்கணக்கில் போகுமாமே என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் உண்மை எங்கே நிற்கிறது என்பதை நிதானமாக ஆராய்வது, விற்க நினைப்பவர்க்கு மட்டுமன்றி, நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் வாசிப்புச் சரித்திரத்தில் அக்கறையுள்ளவர் யாவர்க்கும் பயன் தரும் என்று கருதுகிறேன்.

அந்தக் கட்டுகளில் இருப்பவை யாவை என்பதை முதலில் அறிதல் வேண்டும். பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழிலும் சில காலம் வெளிவந்தது. 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைகள் புராணத்தையும் சரித்திரத்தையும் படமாக்கித் தந்தன. எனினும், தமிழ்ச் சிறுவர்களின் நெஞ்சைக் கொள்ளை கொண்டவை சிவகாசியில் அச்சானவையே. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ், பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962 முதல் வெளிவந்த ஒரு சாகசக் கதையை 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் தமிழாக்கித் தன் முதல் இதழாக வெளியிட்டது. 1984 ஜூலையில், அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் கதையான 'அழகியைத் தேடி'யோடும், ஒரே மாதத்தில் புறப்பட்டன. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோயிற்று; முத்துவும் லயனும் இடையில் தளர்ந்து, 2012க்குப் பின் புதுத் தாளும் புது வண்ணமுமாக மீண்டெழுந்து, இன்றும் சந்தாதாரர்களின் ஆதரவில் வந்துகொண்டிருக்கின்றன.

அந்நாளைய இதழ்கள் மலிவான தாளில் அச்சாகி, ஒரு தெருச் சிறுவர் அனைவர் கையிலும் சுற்றி, வாடகை நூல்நிலையங்களில் நைந்து, இறுதியில் மளிகைக் கடையில் பொட்டலமாகி மறைந்தவை. ஆதலால் பரணில் தப்பிப் பிழைத்தவை எண்ணிக்கையில் குறைவு என்பது மெய்யே. ஆயினும், குறைவாக இருப்பது அனைத்தும் விலை உயர்ந்ததாகிவிடும் என்று எண்ணுவதில்தான் ஏமாற்றத்தின் வித்து இருக்கிறது.

லட்சம் என்னும் வதந்திக்கு வேர் அமெரிக்காவில் உள்ளது. 1938இல் பத்து சென்ட் விலையில் வெளியாகி, சூப்பர்மேன் என்னும் பாத்திரத்தை உலகிற்கு அறிமுகம் செய்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் பிரதி ஒன்று 2014இல் 32 லட்சம் டாலருக்கும், வேறொரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. இத்தகைய செய்தியைப் படிக்கும் சாமான்யர், பழைய காமிக்ஸ் எதுவாயினும் பொன்னுக்கு நிகர் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் அந்த இதழ் அரிதானதற்குக் காரணம், அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அக்காலத்தில் அநேகமாக எவருக்கும் தோன்றாமற் போனதே. பத்திரப்படுத்தினால் பணமாகும் என்ற ஞானம் பரவியபின் என்ன நடந்தது என்பதையும் அதே நாடு காட்டியிருக்கிறது. 1991இல் 'எக்ஸ்-மென்' புது வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. வாங்கியவர்களுள் பலர் ஒன்றுக்குப் பலவாக வாங்கி, உறையிலிட்டு, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பெட்டியில் வைத்தார்கள். எல்லாரும் வைத்திருந்தமையால் எதுவும் அரிதாகவில்லை. சில ஆண்டுகளில் அச்சந்தை சரிந்து, 1996 டிசம்பரில் அவ்விதழை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. வயதேறியதனாலேயே ஒரு பொருளுக்கு விலை ஏறுவதில்லை. கிடைப்பது அரிதாகவும், அதை நாடுவோர் பலராகவும் இருக்கும்போதுதான் ஏறுகிறது.

இனி நம் ஊர்ச் சந்தைக்கு வருவோம். மொத்தமாக விற்க வருபவர் மூன்று வகை மனிதர்களைச் சந்திக்கிறார். முதலாமவர் பழைய பேப்பர்க்காரர். அவருக்கு மாயாவியும் மளிகைக் கணக்கும் ஒன்றே. தராசில் வைத்து, கிலோ பத்தோ பதினைந்தோ என்று கணக்கு முடித்து, மறு தெருவுக்குப் போய்விடுவார். இரண்டாமவர் பழைய புத்தக வியாபாரி. சென்னையில் 1985 மே மாதத் தீயில் மூர் மார்க்கெட் எரியும் வரை இத்தொழிலின் தலைமைப் பீடம் அங்கே இருந்தது. பின்னர் அது திருவல்லிக்கேணி நடைபாதைகளுக்கும் பற்பல ஊர்களின் சிறு கடைகளுக்கும் சிதறி, இன்று பாதிக்கு மேல் கைப்பேசித் திரைக்குள் புகுந்துவிட்டது. மூன்றாமவர் சேகரிப்பாளர், தம்மிடம் இல்லாத ஓரிரு இதழ்களை மட்டும் நாடுபவர், அவற்றுக்கு மட்டும் நல்ல விலை தரத் தயங்காதவர், எஞ்சிய கட்டைத் திரும்பியும் பாராதவர்.

கேட்ட விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள தூரத்தைக் கண்டு விற்பவர் மனம் கொதிப்பது இரண்டாமவரிடத்தில்தான். முகநூலில் ஒரு பழைய லயன் தீபாவளி மலருக்கு யாரோ ஆயிரக்கணக்கில் விலை சொல்லியிருப்பதைப் பார்த்துவிட்டு, அதே விகிதத்தில் தம் நானூறு புத்தகங்களையும் பெருக்கி வைத்திருக்கும் ஒருவரிடம், வியாபாரி அதில் சிறு பங்கை மட்டும் நீட்டினால், அது கொள்ளையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் வியாபாரியின் கணக்கையும் கேட்டுப் பார்த்தல் நியாயம். அந்த நானூறில் இருபது உடனே போகும் என்றும், நூறு மெல்ல மெல்லச் சில ஆண்டுகளில் போகும் என்றும், மீதி தம் கடை மூலையிலேயே கிடக்கும் என்றும் அவர் அனுபவத்தால் அறிவார். வண்டி வைத்துக் கட்டுகளை எடுத்துச் செல்வதும், இதழ் இதழாகப் பிரித்து எண் பார்த்து அடுக்குவதும், படம் பிடித்து விளம்பரம் செய்வதும், நூறு பேரின் விசாரிப்புக்குப் பதில் சொல்லி ஒருவருக்கு விற்பதும், நனையாமல் பொதிந்து அஞ்சலில் சேர்ப்பதும் அவருடைய உழைப்பு. அதுவரை முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வட்டியும் அவருடையதே. மேலும், திரையில் தெரிவது ஒருவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு அது விற்றதா என்பது அங்கே தெரிவதில்லை. ஆகவே, மொத்த விலை என்பது புத்தகத்தின் விலையிலிருந்து அந்த உழைப்புக்கும் காத்திருப்புக்கும் கூலி கழித்த மீதியே ஆகும். கூலியைத் தாமே பெற விரும்புகிறவர் உழைப்பையும் தாமே செய்ய வேண்டும். ஒரே நாளில் பரண் காலியாக வேண்டும், தனித்தனியாக விற்ற விலையும் கைக்கு வர வேண்டும் என்று இரண்டையும் ஒருசேர விரும்புவது உலக இயல்புக்கு ஒவ்வாதது.

விலையைக் குறைக்கும் வேறு சில காரணங்களும் உள. அவற்றுள் சில அன்பின் பெயரால் நேர்ந்தவை. நம்மவர் தாம் நேசித்த இதழ்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்துக் காலிகோ அட்டையில் பைண்டு செய்து வைப்பது வழக்கம். பைண்டு செய்பவரோ முன்னட்டையைக் கிழித்தெறிந்து, ஓரங்களைச் சமமாக வெட்டி, நடுவில் ஊசி ஏற்றித் தைத்துவிடுவார். வாசகருக்கு அது உபகாரம். சேகரிப்பாளர் கண்ணுக்கோ அங்கஹீனம். துருப்பிடித்த கம்பி, ராமபாணம் துளைத்த வரி, நடுப்பக்கம் விடுபட்ட இதழ், பரிசுக் கூப்பன் வெட்டப்பட்ட பின்னட்டை, நிரப்பி முடித்த குறுக்கெழுத்து, வாடகை நூல்நிலையத்தின் ஊதா முத்திரை, கதாநாயகனுக்கு ஒரு சிறுவன் பேனாவால் வரைந்த மீசை ஆகிய யாவும் விலையில் கழிவாகக் கணக்கிடப்படும். மேற்கு நாடுகளில் இதழ்களுக்கு எண் வரிசையில் தரம் நிர்ணயித்துக் கண்ணாடி போன்ற உறையில் முத்திரையிட்டுத் தரும் ஸ்தாபனங்கள் உண்டு. இங்கு அவ்வேற்பாடு வேரூன்றாமையால், இருவரும் நேரில் பார்த்துப் பேசி முடிவு செய்வதே வழி.

மறுபதிப்பு என்பது மற்றொரு காரணம். பதினெட்டுப் பாகங்களாக நீண்ட 'இரத்தப் படலம்' கதையை லயன் காமிக்ஸ் 2010இல் ஒரே பெருந்தொகுதியாக வெளியிட்டது; அது தீர்ந்த பின்னர்ப் பழைய சந்தையில் அதன் விலை பல மடங்கு ஏறிற்று. 2018இல் அதே கதை முழு வண்ணத்தில் மறுபடியும் வந்தது. கதையைப் படிக்க மட்டும் தவித்தவர்கள் புதியதை வாங்கிப் போனார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் பதிப்பை நாடுவோர், அதனை அதன் பொருட்டே விரும்பும் சிலர் மட்டுமே ஆயினர். மாயாவி கதைகள் பலவற்றுக்கும் மறுபதிப்பு வந்துவிட்டது. அமர் சித்திரக் கதைகளோ ஓயாமல் அச்சாகிக்கொண்டே இருப்பவை. அவற்றின் முதல் அச்சுகள் நீங்கலாக மற்றவற்றுக்குச் சொற்ப விலையே கிடைக்கும்.

அவ்வாறாயின், விற்பவர் செய்யத்தக்கது யாது? எங்கள் ஊர்க் கோயிலைச் சார்ந்த ஒரு பழைய வழக்கத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். மாணிக்கவாசகர் எழுப்பியதாகப் போற்றப்படும் ஆத்மநாதர் ஆலயத்தில், கல்லை மரச்சட்டம் போலவும் கம்பி போலவும் ஆணி போலவும் இழைத்த கொடுங்கைகள் உள. அக்காலத்து ஸ்தபதிகள் பிற ஊர்களில் திருப்பணிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கையில், ஆவுடையார்கோவில் கொடுங்கையும் தாடிக்கொம்புத் தூணும் போன்ற சிலவற்றை நீக்கி, மற்றெதனையும் செய்து தருவதாக எழுதுவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். பேரம் பேசுமுன்னரே, பேரத்துக்கு அடங்காதது எது என்று தெரிந்து வைத்திருந்த அந்த விவேகம் பழைய காமிக்ஸ் விற்பவருக்கும் வேண்டும். கட்டைப் பிரித்து, பெயர், வெளியீட்டு எண், மாதம், ஆண்டு, நிலைமை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதினால், இரண்டு காரியங்கள் ஒருங்கே நிறைவேறும். எவை அரியவை என்பது விற்பவருக்கே விளங்கும். பட்டியலோடு வருகிறவரிடம் வியாபாரியும் வேறு விதமாகப் பேசுவார். முத்துவின் ஆரம்ப இதழ்களையும், லயனின் தொடக்கக் கால இதழ்களையும், தீபாவளி, கோடைச் சிறப்பு மலர்களையும், இடையறாத வரிசையாக உள்ளவற்றையும் தனியே எடுத்து வைத்து, அவற்றுக்கு மட்டும் சேகரிப்பாளரைத் தேடலாம். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்கலாகாது. நல்லவை அனைத்தையும் பொறுக்கி எடுத்துவிட்டால் எஞ்சியது பழைய பேப்பர்க்காரருக்கே உரியதாகும்; ஏனெனில் வியாபாரி மொத்தக் கட்டுக்கு ஒரு தொகை சொல்வதே, அதனுள் கிடக்கும் அந்த இருபது இதழ்களை நம்பித்தான். எனவே, பொறுக்கி விற்பதா, முழுதாய்க் கொடுப்பதா என்பதை முதலிலேயே தீர்மானித்து, எடுத்தவை இன்னவை என்று வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது கண்ணியம்.

வியவகார விஷயங்களில் இரண்டொன்று சொல்லிச் செல்கிறேன். அஞ்சல் துறையின் பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டமையால், காகிதத்தை அனுப்பும் செலவு முன்போல் அற்பமானதன்று. கட்டு பெரிதாயின் வாங்குபவரே வந்து எடுத்துச் செல்வது இருவர்க்கும் நலம். பணம் கைக்கு வந்த பிறகே கட்டு வாசலைத் தாண்ட வேண்டும். பழைய இதழ்களைப் படியெடுத்துப் புதிதாக அச்சிட்டு அசல் என்று விற்போர் இருப்பதால், வாங்குபவர் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. கையிலுள்ள பிரதியை விற்பது உடையவரின் உரிமை. அதைப் படியெடுத்துப் பலருக்கு விற்பது பதிப்புரிமைக் குற்றம்.

காலத்தைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். தமிழ்க் காமிக்ஸின் பழைய சந்தையைத் தாங்கி நிற்பவர்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிறுவராயிருந்தவர்கள். கையில் காசில்லாத வயதில் கடை வாசலில் தொங்கிய அட்டைகளைப் பார்த்து ஏங்கி, சம்பாதிக்கும் வயதில் அந்த ஏக்கத்தை விலை கொடுத்துத் தீர்த்துக்கொள்பவர்கள். அவர்களுக்கு இன்று ஐம்பதும் அறுபதும் நடக்கிறது. அவர்தம் பிள்ளைகள் வேறு படங்களில் வளர்ந்தவர்கள். மாயாவியின் கையில் மின்சாரம் பட்டதும் உடல் மறைவதில் அவர்களுக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. ஞாபகத்தின் மீது எழுந்த விலை, ஞாபகமுடையோர் குறையக் குறையத் தானும் இறங்கும். இன்னும் இருபது ஆண்டு வைத்திருந்தால் இரட்டிப்பாகும் என்று கரையானுக்கும் மழைக்கும் நடுவில் காத்திருப்பது நற்கணக்கு ஆகாது. விற்பதாயின் இப்போது விற்கலாம். வைத்திருப்பதாயின் படிப்பதற்காக வைத்திருக்கலாம்.

இதுவரை சொன்னது பணத்தின் கணக்கு. எந்த வியாபாரியின் கணக்கிலும் ஏறாத ஒரு நஷ்டம் மொத்த விற்பனையில் உண்டு. ஒரு கிராமத்துப் பையன், அறந்தாங்கிப் பேருந்து நிலையத்துக் கடையில் மாதந்தோறும் காத்திருந்து வாங்கி, விட்டுப்போன எண்ணை நண்பனிடம் பண்டமாற்றுச் செய்து பெற்று, உள்ளட்டையில் பெயரும் தேதியும் எழுதி, பத்தாண்டுக் காலம் அடுக்கிய அந்த வரிசையில், இந்த ஊருக்கு எப்போது எது வந்தது, யார் படித்தார், எது நின்றது என்ற சமூக சரித்திரம் ஒன்று அடங்கியிருக்கிறது. கட்டு கலைந்து இதழ்கள் நாற்பது ஊர்களுக்குப் பிரிந்து போனால், ஒவ்வோர் இதழும் ஒருவர் வீட்டில் பத்திரமாகவே இருக்கலாம். தொகுப்பு மட்டும் மாண்டுபோகும். வியாபாரி இதழுக்கு விலை தருகிறார். தொகுப்புக்கு விலை தரக்கூடியவை ஸ்தாபனங்கள் மாத்திரமே.

அது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்குச் செட்டிநாட்டுக் கோட்டையூர் விடை சொல்லும். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார், நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் துண்டுப் பிரசுரங்களையும் சிறுவர் இதழ்களையும், பிறர் குப்பை என்று தள்ளிய பலவற்றையும் ஆயுள் முழுதும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் முழுமையாக விலைக்கு வாங்கிற்று. வாங்கியும் கடல் கடத்திச் செல்லாமல், சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்த வழிசெய்தது. மொத்தமாக விற்றதனால் ஒரு தொகுப்பு சிதறாமல் பிழைத்தது; வாங்கியவர் அதனைத் தொகுப்பாகவே மதித்தமையே அதற்குக் காரணம். புதுக்கோட்டையிலேயே கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு வளர்த்த ஞானாலயா ஆய்வு நூலகம், முதற்பதிப்புகளையும் பழைய சிற்றிதழ்களையும் ஓர் அரசாங்கம் காட்ட வேண்டிய சிரத்தையோடு காத்து வருகிறது. தனி மனிதர்கள் இவ்வளவு செய்த மாவட்டத்தில் பொது ஸ்தாபனங்கள் வாளாவிருப்பது முறையாகாது.

1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம், பதிப்பாளர் தம் வெளியீடுகளின் படியைச் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதிக்கிறது. அவ்விதி பதிப்பாளருக்கு உரியது. வாசகர் வீட்டுப் பரணைக் காக்க விதி ஏதும் இல்லை. புதுக்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் இதழ்களுக்கும் சித்திரக்கதைகளுக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். 1940களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் குழந்தைப் பத்திரிகைகள் பலவற்றைத் தமிழ்நாட்டுக்கு அளித்த நகரம் புதுக்கோட்டை. அவற்றுள் எத்தனைக்கு முழு வரிசை அதே நகரத்தில் கிடைக்கும் என்று கேட்டால் வெட்கமே மிஞ்சும். பட்டியலோடு வரும் தொகுப்புக்குப் பழைய புத்தக வியாபாரி தரும் தொகையைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுப்பதற்கு ஆண்டுதோறும் சிறு நிதி ஒன்றும், சேர்த்தவரின் பெயரால் அத்தொகுப்பைப் பிரிக்காமல் வைக்கும் உறுதிமொழியும், விலை வேண்டாதவருக்கு முறையான ரசீதும் இருந்தால் போதும். காமிக்ஸ் படித்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்று பிரம்பெடுத்த காலம் மலையேறிவிட்டது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் பருவத்தைத் தாண்டிச் சரளமாகப் படிக்கும் பழக்கத்துக்குப் பலரை ஏற்றிவிட்டவை இவ்விதழ்களே என்பதை இன்று ஆசிரியர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்த அறை அமையும் வரையில், விற்பவர் எதிர்பார்க்கத்தக்கது இவ்வளவே: பழைய பேப்பர் விலையைக் காட்டிலும் கணிசமாக மேலான ஒரு தொகை; வதந்தி சொன்ன லட்சத்தைக் காட்டிலும் வெகுவாகத் தாழ்ந்த ஒரு தொகை; பட்டியல் எழுதும் பொறுமை இருப்பின் அவ்விரண்டுக்கும் இடையில் சற்று உயர்ந்த ஓர் இடம். அத்தொகையைப் பெறுவதற்கு முன், எழுதிய பட்டியலின் நகல் ஒன்றை மாவட்ட நூலகத்துக்கும் அனுப்பி, வேண்டுமா என்று எழுத்தால் கேட்குமாறு வேண்டுகிறேன். வேண்டாம் என்ற பதில் வந்தால் விற்பவர் மீது பழி இல்லை. அத்தகைய கடிதங்கள் வந்துகொண்டே இருந்தால், வேண்டாம் என்று சொல்வது நூலகத்துக்கும் நாளடைவில் கடினமாகும்.